திருச்சாரணத்துக் குரத்திகள்

போன வாரம் ஒருத்தர் மெயில் பண்ணியிருந்தார்: "வரலாறு வரலாறுன்னு பேசுறீங்க, ஒரு ஞாயித்துக்கிழமை போயிட்டு வர்ற மாதிரி ஒரு இடம் சொல்லுங்க, ஆனா எனக்கு மலையேறத் தெரியாது." அவருக்காகத்தான் இந்த எபிசோட். மலை இருக்கு, ஆனா ஏறத் தெரிய வேண்டியதில்ல. செருப்புப் போட்டுக்கிட்டே போகலாம். சின்னப் பசங்க ஓடிப் போறாங்க, வயசானவங்க நின்னு நின்னு போறாங்க. இருபது நிமிஷம்.

இடம் சிதறால். கன்னியாகுமரி மாவட்டம், விளவங்கோடு தாலுகா. மார்த்தாண்டத்துல இருந்து சுமார் 7 கிலோமீட்டர். "நாஞ்சில் நாட்டுல ஒரு சமணக் குகை"ன்னு நிறைய வீடியோல தலைப்புப் போடுறாங்க. நாகர்கோவில்காரங்க இதைக் கேட்டா திருத்தாம விடமாட்டாங்க: நாஞ்சில் நாடுன்னா தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான், விளவங்கோடு வேற. இந்தத் திருத்தத்தை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி நாகர்கோவிலுக்கும் ஒரு வேலை இருக்கு.

கீழே வளைவு தாண்டினதும் கல் பாவின பாதை ஆரம்பிக்குது. முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு பக்கமும் மரம், நடுநடுவே யானை முதுகு மாதிரி பாறை. முந்திரி மரங்கள் நிறைய. எங்க ஊர்ல அதைக் கொல்லாமரம்னு சொல்லுவாங்க, சீசன்ல போனா பழ வாசனை மூக்கைத் துளைக்கும். மூச்சு வாங்குறதுக்கு முன்னாடியே மேட்டுக்கு வந்திருவீங்க. அங்க நின்னா கீழே தென்னையும் ரப்பரும் ஒரே பச்சைப் பாய், தூரத்துல மேற்குத் தொடர்ச்சி மலை. முக்கால்வாசிப் பேர் அங்கேயே போட்டோ எடுத்து முடிச்சிடுறாங்க.

ஆனா இடம் அதுக்கு அப்புறம்தான் வருது. ரெண்டு பெரிய பாறைக்கு நடுவுல ஒரு ஆள் போற அளவுக்கு ஒரு இடுக்கு. அதுக்குள்ள நுழைஞ்சு படியில இறங்கினா, ஒரு பெரிய பாறை கூரை மாதிரி முன்னால நீட்டிக்கிட்டு நிக்குது. இது மனுஷன் குடைஞ்ச குகை இல்ல, இயற்கையா அமைஞ்ச ஒதுங்கிடம். அதுக்கு முன்னாடி பிற்காலத்துல தூண் வச்சு ஒரு மண்டபம் கட்டியிருக்காங்க. உள்ளே மூணு கருவறை: மகாவீரர், பார்சுவநாதர், அம்மன். பக்கத்துல வத்தாத ஒரு சுனை. வெளிப் பாறை முகத்துல வரிசையா புடைப்புச் சிற்பங்கள்.

அந்தச் சிற்பங்களை அவசரப்படாமப் பாருங்க. தலைக்கு மேல மூணு அடுக்குக் குடையோட சம்மணம் போட்டு உக்கார்ந்திருக்கறவங்க தீர்த்தங்கரர்கள். அந்த முக்குடைதான் அடையாளம். நிமிர்ந்து நிக்கிற ஒருத்தருக்குத் தலைக்கு மேல பாம்புப் படம் விரிஞ்சிருக்கும், அவர் பார்சுவநாதர், 23ஆவது தீர்த்தங்கரர். இன்னொரு இடத்துல ஒரு பெண். பக்கத்துல ரெண்டு குழந்தைங்க, ஒரு சிங்கம். அது அம்பிகா, 22ஆவது தீர்த்தங்கரரான நேமிநாதருடைய இயக்கி. இயக்கின்னா தீர்த்தங்கரருக்குக் காவலா நிக்கிற பெண் தெய்வம், வடமொழியில யட்சி. நேமிநாதருக்கு அரிஷ்டநேமின்னு இன்னொரு பேர் உண்டு. அந்தப் பேரை மறக்காதீங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்.

சிற்பங்களுக்குக் கீழே எழுத்து இருக்கு. பார்த்தா தமிழ் மாதிரியே தெரியாது, புழு நெளிஞ்ச மாதிரி வளைவு வளைவா இருக்கும். அது வட்டெழுத்து. எழுத்துதான் வேற, மொழி தமிழ்தான். எங்க வேலையில இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தையில சொல்லணும்னா, இது கமிட் லாக். யார் செஞ்சாங்க, என்ன செஞ்சாங்க, எந்த வருஷம். காரணம் மட்டும் எழுதமாட்டாங்க, அதுவும் நம்ம கமிட் லாக் மாதிரியேதான்.

இதுல ஒரு கல்வெட்டுக்காகத்தான் இன்னைக்கு நான் பேசவே வந்தேன். விஷயம் சின்னது. விக்கிரமாதித்த வரகுணன் என்கிற அரசனுடைய 28ஆவது ஆட்சியாண்டு. பேராயக்குடி அரட்டநேமி பட்டாரருடைய மாணாக்கி குணந்தாங்கி குரத்திகள், திருச்சாரணத்து மலை பட்டாரியாருக்குப் பொன் அணிகலன் கொடுத்தாங்க. அவ்வளவுதான்.

ஒவ்வொரு சொல்லா பிரிச்சுப் பார்ப்போம். இதுல வர்ற அரசன் ஆய் வம்சத்தைச் சேர்ந்தவன். அகத்தியமலைப் பக்கம் தொடங்கி விழிஞ்ஞம் வரைக்கும், சேரருக்கும் பாண்டியருக்கும் நடுவுல கிடந்த நிலம் ஆய் நாடு. இவன் காலம் 9ஆம் நூற்றாண்டின் கடைசியும் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். பட்டாரர்னா வணக்கத்துக்குரியவர், இங்கே சமணத் துறவி. பட்டாரியார் அதோட பெண்பால், இங்கே கோயில்ல இருக்கிற தேவி. அரட்டநேமி நான் சொன்ன அந்த அரிஷ்டநேமியோட தமிழ் வடிவம். ஆசிரியருக்கு நேமிநாதர் பேர், மலையில நேமிநாதருடைய இயக்கி.

இப்போ முக்கியமான சொல்: குரத்தி. இதுக்குச் சின்ன ர. எபிசோடை எழுத்தாக்குறதுக்கு நான் வச்சிருக்கிற மென்பொருள், நான் எத்தனை தடவை சொன்னாலும் பெரிய ற போட்டு மலைக்குறத்தி ஆக்கிடுது. ஒவ்வொண்ணா கையால மாத்தினேன். குறத்தி வேற, குரத்தி வேற. குரவர்னா ஆசான், குருங்கிற சொல்லோட உறவு. அதுக்குப் பெண்பால் குரத்தி. அதாவது ஆசிரியை. ‘கள்’ இங்க பன்மை இல்ல, மரியாதை. அடிகள், இளங்கோவடிகள்னு சொல்ற மாதிரி. இன்னைக்கு மாவட்டத்துல எல்லாரும் "டீச்சர்"னு சொல்றோமே, அந்த மரியாதை.

ஆக, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பாறையில பேர் போட்ட ஒருத்தர் ஒரு பெண் துறவி, ஆசிரியைங்கிற பட்டத்தோட. அவங்களை இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள்னு சொல்லல. இன்னாருடைய மாணாக்கின்னு சொல்லியிருக்கு. அடையாளமே படிப்பு வழியா வருது. அந்தக் காலத்துக் கோயில் கல்வெட்டுகள்ல வர்ற பெண்கள்ல பெரும்பாலானவங்க அரசிகள், இல்லன்னா பெரிய குடும்பத்துப் பெண்கள். கணவன் பேரோ தகப்பன் பேரோ கூடவே வரும். குணந்தாங்கிக்கு அது எதுவும் இல்ல.

ஒரு கேள்வி உங்களுக்கு வந்திருக்கணும். துறவிக்கு ஏது பொன்? சமணத் துறவிக்கு எதையும் தனக்குன்னு வச்சுக்கக் கூடாதுன்னு கடுமையான நோன்பு இருக்கு. நான் இதை இப்படித்தான் எடுத்துக்கிறேன்: அது அவங்க சொந்தப் பொன்னா இருக்க வேண்டிய அவசியமில்ல. ஊர் மக்கள் நம்பி ஒருத்தர் கையில கொடுக்கிறாங்க, அவங்க தேவிக்கு அணிகலனா செஞ்சு வைக்கிறாங்க. அப்படின்னா அவங்க தனியா குகையில தவம் பண்ணிக்கிட்டு இருந்தவங்க இல்ல. ஒரு நிறுவனத்தை நடத்துனவங்க, பண விஷயத்துல ஊர் நம்பினவங்க.

இது வெறும் ஊகம் இல்லன்னு சொல்ல வடக்கே ஒரு சாட்சி இருக்கு. திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி பக்கம் வேடல்னு ஒரு ஊர். முதலாம் ஆதித்த சோழனுடைய 14ஆவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டோட கடைசிப் பகுதி. அங்கே கனகவீரக் குரத்தியார்னு ஒருத்தர், அவங்க கூட 500 பிள்ளைகள். இந்தப் பிள்ளைகளை மாணவிகள்னுதான் பெரும்பாலும் எடுத்துக்கிறாங்க. இன்னொரு பக்கம் 400 பெண் துறவிகள். ரெண்டு தரப்புக்கும் ஏதோ தகராறு. கடைசியில ஊரார் முன்வந்து, கனகவீரக் குரத்தியாரையும் அவங்க பிள்ளைகளையும் நாங்க காப்பாத்துறோம், சோறு போடுறோம்னு பொறுப்பேத்துக்கிறாங்க. தகராறு எதுக்குன்னு கல்வெட்டு சொல்லல, ஆனா எண்ணிக்கையைப் பாருங்க. 500, 400. நான் படிச்ச காலேஜ்ல என் டிபார்ட்மென்ட்லகூட அவ்வளவு பேர் இல்ல.

இதையெல்லாம் பெண் சுதந்திரத்தின் பொற்காலம்னு சொல்லி ரீல்ஸ் போடலாம். நான் போடமாட்டேன். சமணத்துல திகம்பரர் என்கிற பெரும்பிரிவோட கொள்கை, பெண்ணுக்குப் பெண் பிறவியிலேயே வீடுபேறு கிடையாது, அடுத்த பிறவியில ஆணாப் பிறந்து அடையணும்ங்கிறது. தெற்கே பரவலா இருந்தது அந்தப் பிரிவுதான். அதை மறுத்த யாபனீயர்னு ஒரு பிரிவும் கர்நாடகத்துல இருந்துச்சு. கொள்கை ஒண்ணு சொல்லுது. கல்லுல ஆசிரியைன்னு வெட்டியிருக்கு. ரெண்டும் ஒரே காலத்துல ஒரே மதத்துக்குள்ள இருந்திருக்கு. மனுஷங்க எப்பவும் அப்படித்தான் இருந்திருக்காங்க, எழுதி வச்ச விதிக்கும் நடந்த நடப்புக்கும் நடுவுல.

அந்த ஆய் நாட்டுல வேற என்ன நடந்துச்சுன்னு பார்த்தா படம் இன்னும் தெளிவாகும். சிதறால்ல இருந்து ரொம்பத் தூரம் இல்ல, பார்த்திவபுரம். 866ல கருநந்தடக்கன்ங்கிற ஆய் அரசன் முஞ்சிறை சபையார்கிட்ட மாத்து நிலம் கொடுத்து இடம் வாங்கி ஒரு விஷ்ணு கோயில் கட்டினான். கூடவே ஒரு சாலை. சாலைன்னா ரோடு இல்ல, தங்கிப் படிக்கிற கல்லூரி. மொத்தம் 95 இடம். மூணு வேதப் பிரிவுக்கு 45, 36, 14ன்னு கணக்காப் பிரிச்சிருக்கான். ஹாஸ்டல் விதியெல்லாம் செப்பேட்டுல இருக்கு: சண்டை போட்டா அபராதம், ஆயுதம் கொண்டுவந்தா சோறு கிடையாது. அங்க பெண்களுக்கு இடம் இல்ல, வேதம் படிக்கிற ஆண்களுக்குத்தான். அதுக்கு அடுத்து வந்த விக்கிரமாதித்த வரகுணன் ஸ்ரீமூலவாசம்ங்கிற பௌத்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்த செப்பேடும் இருக்கு, பாலியம் செப்பேடுன்னு பேர். அதே அரசனோட ஆட்சியாண்டை எழுதித்தான் குணந்தாங்கி தன் கொடையைப் பதிவு பண்றாங்க. வைதிகம், பௌத்தம், சமணம் மூணும் ஒரு சின்ன நாட்டுக்குள்ள, மிஞ்சிப் போனா ரெண்டு தலைமுறைக்குள்ள.

இப்போ மலையோட பேருக்கு வருவோம். சிதறால்ங்கிறது ஊர் பேர். கல்வெட்டுல மலைக்குப் பேர் திருச்சாரணத்து மலை. சாரணர்னா சமண மரபுல தவத்தின் வலிமையால வானத்துல உலவுற துறவிகள். சிலப்பதிகாரத்துலயும் சாரணர் வர்றாங்க. பள்ளிக்கூடத்துல ஸ்கவுட் இயக்கத்துக்குத் தமிழ்ல சாரணர் இயக்கம்னு பேர் வச்சாங்க பாருங்க, அதே சொல்தான். ஆக மொத்தம் இது ஊர் சுத்துறவங்களோட மலை.

பேருக்கு ஏத்த மாதிரி உண்மையாவே இங்கிருந்து ஊர் சுத்தியிருக்காங்க. இந்த எபிசோட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

தூத்துக்குடி மாவட்டத்துல கோவில்பட்டி பக்கம் கழுகுமலை. வெட்டுவான் கோயிலுக்காக நீங்க போயிருப்பீங்க, ஒரே பாறையை மேலிருந்து குடைஞ்ச கோயில். அதே மலையில பாறை முகம் முழுக்கத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், வரிசை வரிசையா, கூடவே நூறு போல வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு வரி: இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி. இந்தச் சிலையை நான் செஞ்சு வச்சேன்னு பேர் போட்டிருக்காங்க. கொடுத்தவங்க ராஜாக்கள் இல்ல. தச்சர், கொல்லர் மாதிரி கைத்தொழில் செஞ்சவங்ககூட இருக்காங்க. துறவிகளும் இருக்காங்க. அதுல குரத்திகளே பல பேர்: சங்கக் குரத்திகள், நால்கூர்க் குரத்திகள், மிழலூர்க் குரத்திகள், பிச்சைக் குரத்திகள். அந்த வரிசையில ஒரு பேர்: திருச்சாரணத்துக் குரத்திகள்.

சிதறால் மலை டீச்சர்.

இன்னைக்கு மார்த்தாண்டத்துல பஸ் ஏறி நாகர்கோவில், திருநெல்வேலி, கோவில்பட்டி, கழுகுமலைன்னு போனா 150 கிலோமீட்டருக்கு மேல. சமணத் துறவிகள் வண்டி ஏற மாட்டாங்க. இன்னைக்கும் ஏறுறதில்ல, நெடுஞ்சாலையோரம் வெள்ளைத் துணியோட வெறுங்காலோட நடந்து போறவங்களை நீங்க பார்த்திருப்பீங்க. மழைக்கால நாலு மாசம் மட்டும் ஒரே இடத்துல தங்குவாங்க, மத்த எட்டு மாசமும் நடை. அப்போ இந்த அம்மா ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாவோ வேற வழியாவோ, பச்சை ஈர நிலத்துல இருந்து கரிசல் காட்டுக்கு நடந்தே போயிருக்கணும். கழுகுமலையில அவங்களுக்குத் தன் பேரைவிடத் தன் மலையோட பேர் போதுமானதா இருந்திருக்கு. திருச்சாரணத்துக் குரத்திகள்னா அங்கே எல்லாருக்கும் தெரியும். பெங்களூர்ல யாராவது உங்களை "நாகர்கோவில்காரர்"னு கூப்பிடுற மாதிரி.

கோட்டாற்றுத் துறவிகளும் கழுகுமலைக் கல்வெட்டுகள்ல வர்றாங்க. கோட்டாறு இன்னைக்கு நாகர்கோவிலோட ஒரு பகுதி. அச்சணந்தின்னு இன்னொருத்தர், மதுரைப் பக்கம் ஆனைமலை, சமணர் மலை, வடக்கே வேலூர்ப் பக்கம் வள்ளிமலை, இங்கே சிதறால், போன இடமெல்லாம் சிற்பம் செஞ்சு வச்சிருக்கார். சமணர் மலை பேச்சிப்பள்ளத்துல அவரோட அம்மா குணமதியார் பேரும் கல்வெட்டுல இருக்கு. இதையெல்லாம் ஒரு வரைபடத்துல புள்ளி வச்சு இணைச்சா ஒரு நெட்வொர்க் தெரியும். சிதறால் அந்த நெட்வொர்க்கோட தெற்கு முனை. தனியா காட்டுக்குள்ள மறைஞ்சு கிடந்த குகை இல்ல, பாண்டிய நாட்டுப் பள்ளிகளோட ஆள் போக்குவரத்து இருந்த இடம். பள்ளிங்கிற சொல்லே துறவிகள் தங்கின இடத்துக்கான சொல்தான். நாம தினமும் சொல்ற பள்ளிக்கூடம் அங்கிருந்து வந்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

இணையத்துல இதுக்கு ரெண்டு பதில் தயாரா இருக்கு. ஒரு தரப்பு, சமணக் கோயிலை இந்துக்கள் பிடுங்கிட்டாங்கம்பாங்க. இன்னொரு தரப்பு, எப்பவுமே பகவதி கோயில்தான், சமணம்னு யாரோ கதை கட்டுறாங்கம்பாங்க. ரெண்டாவது பதிலைப் பாறையே மறுக்குது, அதுக்கு மேல பேச வேண்டியதில்ல. முதல் பதில்ல சிக்கல் என்னன்னா, பிடுங்கின மாதிரி ஒரு தடயம் இங்க தெரியல. தீர்த்தங்கரர் சிற்பங்களை யாரும் உடைக்கல. கருவறையில மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்காங்க, அம்மனும் இருக்கா. 13ஆம் நூற்றாண்டு வாக்குல இது பகவதி கோயிலா மாறிடுச்சுன்னு ஆய்வாளர்கள் கணிக்கிறாங்க. 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுல கொடை பகவதிக்குத்தான் போகுது. ஆனா குணந்தாங்கி காலத்துலயே பொன் அணிகலன் போனது ஒரு தேவிக்குத்தான், தீர்த்தங்கரருக்கு இல்ல. பட்டாரியார் பகவதி ஆனாங்க. தெய்வம் நின்ன இடத்துலயே நின்னுது, அவளைச் சுத்தி இருந்தவங்க மாறினாங்க.

நான் மலை இறங்கும்போது அடிவாரத்துல ஒரு பாட்டி கேட்டாங்க, "மக்களே, மேல அம்மையக் கும்பிட்டியா?" கும்பிட்டேன்னேன். சமணச் சிலைகளையும் பார்த்தேன்னேன். "அதெல்லாம் அம்மைக்க ஆளுவதான்"னாங்க. ஒரு ஆய்வுக் கட்டுரையோட சாரத்தை அவங்க மூணு சொல்லுல முடிச்சிட்டாங்க.

மாவட்டத்துல இந்த மாற்றம் ஒரே நாள்ல நடக்கலங்கிறதுக்கு நாகர்கோவில்ல ஆதாரம் இருக்கு. ஊருக்கே பேர் கொடுத்த நாகராஜா கோயில். இன்னைக்குக் குழந்தை வரத்துக்கும் நாக தோஷத்துக்கும் பால் ஊத்துற கோயில். அதோட மண்டபத் தூண்கள்ல தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கு, கூட்டத்துல யாரும் நிமிர்ந்து பார்க்கிறதில்ல. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல, பூதலவீர உதயமார்த்தாண்டன் காலத்துல, அந்தக் கோயில் நிலக்கொடை குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர்ங்கிற ரெண்டு சமணர்கள் கையில ஒப்படைக்கப்படுது. அதாவது மதுரையில சமணம் மங்கி எவ்வளவோ காலம் ஆன பிறகும், வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுல வந்து இறங்கின பிறகும், நாஞ்சில் நாட்டுல சமணப் பண்டிதர்கள் கோயில் பொறுப்புல இருக்காங்க. தலைக்கு மேல பாம்பு விரிச்ச பார்சுவநாதருக்கும், அவரோட இயக்கி பத்மாவதிக்கும், நாகராஜாவுக்கும் நடுவுல ஒரு கும்பிடுறவருக்கு எவ்வளவு தூரம் இருந்திருக்கும்? ரொம்ப இல்லன்னு நான் நினைக்கிறேன்.

ஆனா கவனிங்க, கடைசியா நிக்கிறது ரெண்டு பண்டிதர்கள். ஆண்கள். குரத்திங்கிற பட்டம் 10ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள்ல அரிதாகிடுது. சமணம் மறையுறதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே சமண ஆசிரியைகள் மறைய ஆரம்பிச்சிட்டாங்க. இதைத்தான் யாரும் பேசமாட்டேங்கிறாங்க. கோயில் யாருதுன்னு சண்டை போட ஆள் இருக்கு, டீச்சர் எங்க போனாங்கன்னு கேட்க ஆள் இல்ல. படிக்கிற இடம் பெருசாகி, அரசு மானியமும் நிலமும் வர வர, பொறுப்பு ஆண்கள் கைக்குப் போறது நமக்குப் புது விஷயமும் இல்ல. கம்ப்யூட்டர் புரோகிராமிங் தொடங்கின காலத்துல அது பெண்கள் வேலையா இருந்துச்சு, சம்பளமும் மரியாதையும் ஏறின பிறகு நிலைமை மாறுச்சு. அதே கதைன்னு நான் சொல்லல, எனக்கு அது ஞாபகம் வந்துச்சு, அவ்வளவுதான்.

அம்பிகாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா கமெண்ட்ல கண்டிப்பா கேப்பீங்க. குமரி, நெல்லை மாவட்டங்கள்ல கையில குழந்தையோட நிக்கிற இசக்கியம்மன் இல்லாத ஊர் கிடையாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவுல இருக்கிற முப்பந்தல் இசக்கியம்மன் கோயில்ல லாரிக்காரங்க நிறுத்திக் கும்பிட்டுட்டுத்தான் போவாங்க. இயக்கிதான் இசக்கி ஆச்சுன்னு சொல்லுவாங்க, சொல் அளவுல அது சரி. அம்பிகாவோட சமணக் கதையும் கேட்டா சிலிர்க்கும்: பசியோட வந்த துறவிக்குச் சோறு போட்டதுக்காகக் கணவன் விரட்டிவிட, ரெண்டு பிள்ளைகளோட வீட்டை விட்டுப் போன பெண். அந்தக் கணவன்தான் மறுபிறவியில அவளோட சிங்கமாப் பிறக்கிறான். இசக்கி கதையிலயும் ஏமாத்தப்பட்ட பெண், கையில பிள்ளை. ஆனா அம்பிகாதான் இசக்கின்னு ஒரே கோடு இழுக்கிறது எனக்கு ஒப்பல. சமணத்துக்கு வெளியேயும் இயக்கி வழிபாடு இருந்திருக்கு. சிலப்பதிகாரத்துல மாதரிங்கிற இடைச்சி, மதுரைக்கு வெளியே இயக்கிக்குப் பால்சோறு படைச்சிட்டுத் திரும்பும்போதுதான் கவுந்தியடிகளைப் பார்க்கிறாங்க. கவுந்தியும் ஒரு சமணப் பெண் துறவிதான், அவங்களும் நடந்தே வந்தவங்க. ஊர்ப் பெண்ணோட தெய்வமும் துறவியோட மதமும் ரொம்ப நாளா ஒரே பாதையில சந்திச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நீலின்னு ஒரு பேயைச் சமணம் மாத்தி, தர்க்கம் பண்ணி ஊர் ஊரா ஜெயிக்கிற பெண்ணா ஆக்கின காப்பியம் நீலகேசி. அதுக்குத் தனி எபிசோடே போடலாம்.

போறவங்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. மார்த்தாண்டத்துல இருந்து பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கும். காலையில சீக்கிரம் போங்க. வெயில் ஏறினா பாறை கொதிக்கும், மேல கடை கிடையாது, தண்ணி கீழேயே வாங்கிக்கங்க. தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம், அதனால மாலையில பூட்டிடுவாங்க. சுனையில இறங்காதீங்க. சிற்பத்துல சாக்பீஸ் தடவி எழுத்தைப் படிக்கிறேன்னு கிளம்பாதீங்க. இங்குள்ள கல்வெட்டுகளை நூறு வருஷத்துக்கு முன்னாடியே படிச்சு அச்சுல போட்டுட்டாங்க. 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பகுதி திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால, தமிழ்நாட்டுத் தொகுதிகள்ல தேடினா கிடைக்காது. திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைன்னு தேடணும். து. அ. கோபிநாத ராவ் தொடங்கி வச்ச வேலை. இணையத்துல இலவசமா இருக்கு.

கழுகுமலைக் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 5ஆம் தொகுதியில இருக்கு. சிதறால் போனவங்க அடுத்த விடுமுறைக்கு அங்கேயும் போங்க, அங்க ஏறுறது கொஞ்சம் கூடுதல், ஆனா முடியும். தொகுதியை போன்ல இறக்கிக்கிட்டுப் போய், எந்தத் திருமேனிக்குக் கீழே திருச்சாரணத்துக் குரத்திகள் பேர் இருக்குன்னு தேடுங்க. கண்டுபிடிக்கிறவங்க எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. அடுத்த வாரம் பார்த்திவபுரம், அந்த 95 பேரோட ஹாஸ்டல் விதிகள்.